தமிழ்ப் பத்திக்குள் ஜப்பானிய எழுத்து: ஒரு பாடநூலின் பக்க அமைப்பு குறித்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

சென்னையில் ஜப்பானிய மொழி கற்பிக்கும் ஆசிரியை ஒருவர் தம் மாணவர்களுக்காகத் தமிழில் தொடக்கநிலைப் பாடநூல் எழுதினார். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்து ஜப்பானிய ஆலைகளில் வேலை பார்ப்பவர்களும் அங்கே வேலை தேடுகிறவர்களுமே அவருடைய வகுப்பில் பெரும்பாலோர். ஜப்பானிய மொழித் திறனைச் சோதிக்கும் ஜே.எல்.பி.டி. தேர்வின் ஐந்து நிலைகளில் முதற்படியான என்5 வரை நூல் செல்கிறது. ஏ5 அளவு, ஒரு சிறு பதிப்பகம் வெளியிட ஒப்புக்கொண்டது.

தமிழ் வழியாக எழுத வேண்டும் என்பதற்கு அவரிடம் வலுவான காரணம் இருந்தது. ஜப்பானிய வாக்கியத்தில் வினை இறுதியில் வரும். தமிழில் வேற்றுமை உருபு நிற்கும் இடத்தில் அங்கே இடைச்சொல் நிற்கும். ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு போனால் மாணவன் இரண்டு முறை சொற்களைத் தலைகீழாக்க வேண்டியிருக்கிறது. ஆகவே அவர் ஜப்பானிய வாக்கியத்தைத் துண்டு துண்டாக எடுத்து, தமிழ் விளக்கத்தின் நடுவிலேயே வைத்து எழுதியிருந்தார். ஒரே வரியில் தமிழ், ஜப்பானியம், மறுபடி தமிழ். கற்பிக்கும் முறையாக இது அருமையானது. பின்னால் வந்த தொல்லைகளில் பாதி இதிலிருந்துதான் பிறந்தன.

பக்க அமைப்பை ஏற்றவர் தமிழ் நூல்களில் நீண்ட அனுபவமுள்ள ஒரு டி.டி.பி. கலைஞர். நான் வெளிநாட்டு ஆய்விதழ்களுக்குப் பக்கம் அமைக்கும் தொழிலில் இருப்பவன். முதல் மெய்ப்பு ஆசிரியையின் கைக்குப் போய்த் திரும்பிய பிறகு பதிப்பாளர் என்னை அழைத்தார்.

கையெழுத்துப்படி அச்சகத்துக்கு வந்த நிலை

கையெழுத்துப்படி வேர்ட் கோப்பாக வந்தது. தமிழ் முழுவதும் யூனிகோடு, ஜப்பானியம் எம்.எஸ். மிஞ்சோ என்ற ஜப்பானிய எழுத்துருவில். அச்சகத்தின் வழக்கப்படி அது முதலில் பேஜ்மேக்கர் என்ற பக்க அமைப்பு மென்பொருளுக்குப் போனது. அந்த மென்பொருளின் கடைசிப் பதிப்பான 7.0 வெளிவந்தது 2001-இல். தமிழ்நாட்டு அச்சகங்கள் பல இன்றும் அதை விடவில்லை. அதில் தமிழ் வர வேண்டுமானால் யூனிகோடு உரையை, எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் பழைய எட்டு பிட் குறியேற்றத்துக்கு மாற்ற வேண்டும். தமிழக அரசு 1999-இல் டாம், டாப் குறியேற்றங்களையும், 2010-இல் யூனிகோடையும் ஏற்றது. ஆனாலும் யூனிகோடில் வந்த படியைப் பின்னோக்கி மாற்றி அச்சடிக்கும் பழக்கம் நீடிக்கிறது.

தமிழுக்கு 256 இடங்களுக்குள் எப்படியோ காலம் தள்ளிவிடலாம். ஜப்பானியத் தரக் குறியேற்றமான ஜிஸ் எக்ஸ் 0208-இல் மட்டும் 6,879 எழுத்துகள். பேஜ்மேக்கரின் ஆங்கிலப் பதிப்பில் ஒட்டியதும் அவை கேள்விக்குறிகளாக மாறின. கலைஞர் வேர்ட் திரையிலிருந்து ஒவ்வொரு ஜப்பானியச் சொல்லையும் படமாக வெட்டி வரிகளுக்குள் செருகத் தொடங்கினார். கையிலிருக்கும் கருவியால் வேலையை முடித்துக் கொடுக்கும் தொழில்காரரின் வழி அது. அதைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் படங்கள் மங்கலாக வந்தன, அளவு சொல்லுக்குச் சொல் மாறியது, ஓர் எழுத்தைத் திருத்தினால் படத்தையே மறுபடி எடுக்க வேண்டியிருந்தது. சில பக்கங்களுக்குப் பிறகு அவரே அதை நிறுத்திவிட்டு, அட்டை வடிவமைப்புக்காக அச்சகம் வைத்திருந்த, அடோபியின் பக்க அமைப்பு மென்பொருளான இன்டிசைனுக்கு நூலை மாற்றினார். முதல் மெய்ப்பு அதிலிருந்து வந்ததுதான்.

முதல் மெய்ப்பில் கண்டவை

ஆசிரியை முதலில் வட்டமிட்டது, "இப்போது" என்று பொருள் தரும் கான்ஜியை (சீனத்திலிருந்து ஜப்பானியத்துக்கு வந்த எழுத்து). கூரை போல் சரியும் இரு கோடுகளுக்குக் கீழே ஜப்பானிய வடிவில் ஒரு படுக்கைக் கோடு இருக்கும். மெய்ப்பில் அங்கே சாய்ந்த புள்ளி இருந்தது. அடுத்து "கடல்": வலப்பாதியின் நடுவே ஒற்றைக் கோடு ஓட வேண்டிய இடத்தில் இரண்டு புள்ளிகள். "நேர்" என்ற எழுத்தில் இடப்பக்கம் மடங்கி வர வேண்டிய கோடே இல்லை. மூன்றும் சீன அச்சு வடிவங்கள்.

காரணத்தைத் தேடியபோது அது கலைஞரின் கவனக்குறைவாகத் தெரியவில்லை. சீனம், ஜப்பானியம், கொரியம் மூன்றும் பகிரும் எழுத்துகளுக்கு யூனிகோடு ஒரே எண்ணைத்தான் கொடுத்திருக்கிறது. வடிவம் எந்த நாட்டு வழக்கில் வர வேண்டும் என்பதை எழுத்துருதான் முடிவு செய்யும். ஆசிரியையின் கணினியில் இருந்த எம்.எஸ். மிஞ்சோ அச்சகத்தின் விண்டோஸ் 10-இல் இல்லை. ஜப்பானுக்கு வெளியே நிறுவப்படும் விண்டோஸ் 10-இல் எம்.எஸ். கோதிக், யு கோதிக் போன்றவை மட்டுமே இயல்பாக வருகின்றன, எம்.எஸ். மிஞ்சோ, யு மிஞ்சோ, மெய்ரியோ எல்லாம் ஜப்பானியத் துணை எழுத்துருக்கள் என்ற விருப்பத் தொகுப்பில் இருக்கின்றன. எழுத்துரு இல்லை என்று இன்டிசைன் எச்சரித்ததும், கலைஞர் பட்டியலில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, தடித்த கோதிக்கை ஒதுக்கிவிட்டு, எல்லா எழுத்தும் தெரிகிற, மெல்லிய கோடுள்ள சிம்சுனைத் தேர்ந்தெடுத்தார். அது சீன எழுத்துரு. ஜப்பானியரின் ஒலியெழுத்துகளான ஹிரகானாவும் கதகானாவும் (இரண்டுக்கும் பொதுப்பெயர் கானா) அதில் உண்டு என்பதால் வெற்றுக் கட்டம் எங்கும் விழவில்லை. கட்டம் விழுந்திருந்தால் அன்றைக்கே பிடிபட்டிருக்கும்.

இரண்டாவது கோளாறு ஜப்பானியம் அறியாதவருக்கும் தெரியக்கூடியது. சில பத்திகளில் மட்டும் தமிழ் உடைந்திருந்தது: ஒற்றைக்கொம்பு மெய்க்கு வலப்பக்கம் போய் நின்றது, "கொ", "தோ" எல்லாம் மூன்று துண்டாகச் சிதறின. உடைந்த பத்திகளைச் சேர்த்துப் பார்த்தபோது காரணம் தெளிவானது. இன்டிசைனில் வரி அமைக்கும் பொறிகள் பல உண்டு. பத்திக்கு ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். தமிழ் உள்ளிட்ட இந்திய எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் பன்மொழிப் பொறி 2012-இல் வந்த சி.எஸ்.6 பதிப்பிலிருந்து இந்திய மொழிகளுக்குப் பயன்படுகிறது. ஜப்பானிய வரிவிதிகளை அறிந்த பொறி வேறு; அதற்குத் தமிழைக் கோக்கத் தெரியாது. கலைஞர் மாதிரிக்காக இறக்கிய ஒரு ஜப்பானியக் கோப்பிலிருந்து பத்திப் பாணிகளைப் படியெடுத்திருந்தார். அந்தப் பாணி விழுந்த பத்திகளில் தமிழ் உடைந்தது.

மற்றப் பத்திகளில் தமிழ் ஒழுங்காக இருந்தது. அங்கே ஜப்பானியம் பிசகியது. முற்றுப்புள்ளியும் சிறிய "ட்சு" எழுத்தும் வரியின் தலையில் வந்து நின்றன. மூடும் அடைப்பு, புள்ளி, சிறிய கானா, நெடில் கோடு ஆகியவை வரியைத் தொடங்கக் கூடாது. திறக்கும் அடைப்பு வரியை முடிக்கக் கூடாது. இதற்குக் கின்சோகு என்று பெயர். ஜிஸ் எக்ஸ் 4051 தரத்திலும், இணையத் தர அமைப்பான டபிள்யூ3சி வெளியிட்ட ஜப்பானிய உரை அமைப்பு ஆவணத்திலும் இந்த விதிகள் விரிவாக இருக்கின்றன. இன்டிசைனில் கின்சோகு அமைப்புகள் ஜப்பானியப் பொறியில் மட்டுமே வேலை செய்யும்.

மேற்கோள் குறிகளிலும் விசித்திரமான இடைவெளிகள் இருந்தன. வளைந்த மேற்கோள் குறியின் எண் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் கிழக்காசிய எழுத்துகளுக்கும் பொது. அது கிழக்காசிய எழுத்துருவில் விழுந்தால் முழு எழுத்தின் அகலத்தை எடுத்துக்கொள்கிறது. தமிழ் உரையாடலின் தொடக்கத்தில் ஓட்டை விழுந்ததற்கு இதுவே காரணம்.

மென்பொருள் குறித்த முடிவு

பதிப்பாளர் என்னிடம் கேட்டது ஜப்பானியத்துக்கு நல்ல மென்பொருள் எது என்பதை. ஜப்பானியத்துக்கு மட்டும் என்றால் விடை சுலபம். 1980-களிலிருந்தே அவர்கள் இதற்கான கருவிகளைச் செய்து வருகிறார்கள். தமிழும் ஜப்பானியமும் ஒரே வரியில் நிற்க வேண்டும் என்பதுதான் இங்கே சிக்கல்.

வேர்டிலேயே முடித்துவிடலாம் என்பது ஆசிரியையின் விருப்பம். கான்ஜியின் தலைக்கு மேல் உச்சரிப்பைக் காட்டும் ஃபுரிகானாவை வேர்ட் போடும், தமிழையும் கோக்கும். ஆனால் ஃபுரிகானா வருகிற வரி மட்டும் கீழே தள்ளிப் போனது. வரி உயரத்தை நிலையாக வைத்தால் ஃபுரிகானாவின் தலை வெட்டுப்பட்டது. தடித்த எழுத்து கேட்ட இடங்களில், தடித்த வடிவமே இல்லாத எம்.எஸ். மிஞ்சோவை வேர்ட் செயற்கையாகத் தடிப்பாக்க, கோடுகள் நெருங்கிய கான்ஜிகள் கறையாகிவிட்டன. பக்கம் பக்கமாகக் கையால் சரிசெய்வதைவிட வேறு வழி தேடுவது மேல் என்று விட்டுவிட்டோம். லிப்ரே ஆபீஸிலும் ஃபுரிகானா, நெடுக்கு எழுத்து இரண்டும் உண்டு. பக்கத்தின் மீதான பிடி போதவில்லை.

என் மனம், டெக் என்னும் அச்சுக்கோப்பு மென்பொருளின் ஒரு வடிவமான லூவாடெக்கில் இருந்தது. டெக் உலகில் ஜப்பானியர்கள் பீடெக், அதன் யூனிகோடு வடிவமான அப்டெக், பின்னர் லூவாடெக்-ஜேஏ என்று தொடர்ந்து உழைத்திருக்கிறார்கள். லூவாடெக்-ஜேஏவில் ஜப்பானிய எழுத்துகளுக்கு ஜப்பானிய விதி, மற்றவற்றுக்கு அவற்றின் விதி என்று எழுத்து வாரியாகப் பிரியும். தமிழை ஹார்ஃப்பஸ் என்ற நிரல் கோத்துத் தரும். பத்திக்கு ஒரு பொறி என்ற கட்டுப்பாடே அங்கு இல்லை. மாதிரி அத்தியாயம் அமைத்தேன். கின்சோகு, ஃபுரிகானா, தமிழ் மூன்றும் நன்றாக வந்தன. மேற்கோள் குறியை மட்டும் ஜப்பானியப் பட்டியலிலிருந்து விலக்க வேண்டியிருந்தது.

இருந்தும் அதை நான் பரிந்துரைக்கவில்லை. ஆசிரியை ஒவ்வொரு வகுப்புக்குப் பிறகும் பாடத்தைத் திருத்துகிறவர். நூல் மறுபதிப்பு காணும்போது திருத்தப்போவது அச்சகத்துக் கலைஞர். நான் இருக்க மாட்டேன். அவருக்கு டெக் தெரியாது. ஒரு நூலுக்காக அதைக் கற்கச் சொல்வது நியாயமாகப் படவில்லை. சென்னையில் டெக் அறிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை, ஆனால் அவர்கள் ஆய்விதழ் நிறுவனங்களில் இருக்கிறார்கள். பாடநூல் பதிப்பகம் கொடுக்கும் கூலிக்கு வரமாட்டார்கள்.

எனவே இன்டிசைனிலேயே இருந்துகொண்டு, கையெழுத்துப்படியை மாற்றுவது என்று முடிவாயிற்று. ஆசிரியைக்கு இது முதலில் உவப்பாக இல்லை. மென்பொருளுக்காகப் பாடத்தை வளைப்பதா என்று கேட்டார். மூன்று பக்கங்களைப் புதிய முறையில் அமைத்துக் காட்டிய பிறகே ஒப்புக்கொண்டார். முழு வாக்கியங்கள் தமிழ்ப் பத்தியை விட்டு வெளியேறித் தனிப் பத்தியாக நிற்கும். அந்தப் பத்திக்கு ஜப்பானியப் பொறி. தமிழ் விளக்கத்துக்குள் ஓரிரு சொல் அளவுக்கு மட்டுமே ஜப்பானியம் வரும். அந்தப் பத்திக்குப் பன்மொழிப் பொறி, ஜப்பானியச் சொல்லுக்கு உடையாமல் நிற்கும் பாணி. வரி உடையவே வாய்ப்பில்லாத இடத்தில் கின்சோகு தேவைப்படவில்லை. ஜப்பானியச் சொல்லோடு தமிழ் உருபை நேரே ஒட்டுவதையும் அவர் நிறுத்தினார். "என்பதை", "என்பதில்" என்று இடையில் ஒரு தமிழ்ச் சொல் வந்தது. ஜப்பானியத்துக்குள் அவர்களுடைய கொக்கி வடிவ அடைப்பு மட்டும், தமிழுக்குள் வளைந்த மேற்கோள் மட்டும் என்றும் விதித்தோம்.

கலைஞரின் இன்டிசைன் ஆங்கில இடைமுகத்தில் இருந்ததால் ஃபுரிகானா, நெடுக்கு எழுத்து ஆகியவற்றின் பட்டிகள் அதில் தெரியவில்லை. சந்தாச் செயலியில் நிறுவல் மொழியை ஜப்பானியமாக மாற்றி, மென்பொருளை மறுபடி நிறுவினால் அவை வந்துவிடும். கூடுதல் கட்டணம் கிடையாது. பட்டிகள் எல்லாம் ஜப்பானியத்தில் இருந்ததால் ஆசிரியை பக்கத்தில் உட்கார்ந்து படித்துச் சொன்னார். இரண்டாம் நாளுக்குள் கலைஞர் இடத்தை வைத்தே பட்டிகளை மனப்பாடம் செய்துகொண்டார்.

எழுத்துரு குறித்த முடிவு

எழுத்துருவில் பதிப்பாளர் ஏற்கெனவே நெடிய பட்டியல் ஒன்றைத் திரட்டியிருந்தார். நோட்டோ செரிஃப் சி.ஜே.கே.வின் ஜப்பானிய வகையை எடுப்பதென்று முதலில் நினைத்தோம். அடோபியும் கூகுளும் சேர்ந்து 2017-இல் வெளியிட்டது, ஏழு தடிமன்கள், கட்டற்ற ஓ.எஃப்.எல். உரிமம். அடோபி அதைச் சோர்ஸ் ஹான் செரிஃப் என்ற பெயரில் தருகிறது. சீன, கொரிய வகைகளும் அதே குடும்பப் பெயரில் வருவதால், இறக்கும்போது ஜப்பானிய வகையைக் கவனித்து எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பழைய கதைதான்.

ஆசிரியை அதை மறுத்தார். அவர் சொன்ன காரணம் எங்கள் இருவருக்கும் தோன்றாதது. மிஞ்சோ என்னும் வழக்கமான அச்சு எழுத்துவகையில் "கி", "ச" ஆகிய ஹிரகானாக்களின் கீழ்வளைவு மேற்கோட்டோடு ஒட்டியிருக்கும். கையால் எழுதும்போது அது விட்டு நிற்கும். தொடக்கநிலை மாணவன் பார்த்ததை அப்படியே வரைவான். ஜப்பானியப் பள்ளிகளில் இதற்கென்றே கியோகஷோ என்னும் பாடநூல் எழுத்துவகை இருக்கிறது. அச்சுக் கலையின் அழகைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். அவர் மாணவனின் பென்சிலைப் பற்றிப் பேசினார். அதன் பிறகு தேர்வுக்கு அதிக நேரம் ஆகவில்லை.

விண்டோஸ் 10-இல் 2017 முதல் யு.டி. டிஜிட்டல் கியோகஷோ விருப்பத் தொகுப்பாகக் கிடைக்கிறது. வடிவத்தில் அதுவே மிகப் பொருத்தம். ஆனால் இறுதிக் கோப்பைத் தயாரிக்கும் அச்சகக் கணினி மேக். விண்டோஸோடு வரும் எழுத்துருவை அதற்குப் படியெடுத்துக் கொடுக்க உரிமம் இடம்தராது. ஃபான்ட்வொர்க்ஸ் நிறுவனம் ஓ.எஃப்.எல். உரிமத்தில் வெளியிட்ட கிளீ ஒன் அடுத்த தெரிவு. பேனாவால் எழுதியது போன்ற வடிவம், இரண்டு தடிமன்கள். ஆசிரியை நூலில் வரும் எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து ஏற்றார். பாடமும் பயிற்சியும் கிளீயில், நூலின் பின்பகுதி வாசிப்புப் பாடங்கள் மட்டும் நோட்டோ மிஞ்சோவில் என்று அவரே பிரித்தார். அச்சு வடிவமும் மாணவனுக்குப் பழக வேண்டுமே.

கோடு எழுதும் வரிசையைக் காட்டும் படங்களுக்குக் கான்ஜிவிஜி தரவைப் பயன்படுத்தினோம். அது கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில், பெயர் குறிப்பிட வேண்டும், அதே விதியில் பகிர வேண்டும் என்ற நிபந்தனைகளோடு கிடைக்கிறது. உரிமப் பக்கத்தில் அதற்கு இடம் ஒதுக்கினோம்.

சீன வடிவம் மறுபடி நுழையாமலிருக்கப் பத்திப் பாணிகளுக்குள் ஒரு தேடல் விதி வைத்தோம். ஹிரகானா, கதகானா, கான்ஜி எண்வரிசைகளில் எது வந்தாலும் ஜப்பானிய எழுத்துருவும் ஜப்பானிய மொழிக் குறிப்பும் தானாக விழும். பிறகு எழுத்துருப் பட்டியலைத் திறந்து பார்த்தால் போதும். சிம்சுன் பெயர் இருந்தால் எங்கோ ஓட்டை.

அமைப்பில் எழுந்த சிறு கேள்விகள்

"நான்" என்பதற்கான கான்ஜி முதல் பாடத்திலேயே வருகிறது. அதன் உச்சரிப்பு "வதஷி": மூன்று கானா. ஃபுரிகானா மூல எழுத்தில் பாதி அளவு என்பது வழக்கம்; அப்போது ஓர் எழுத்தின் மேல் ஒன்றரை எழுத்து அகலத்துக்கு உச்சரிப்பு உட்கார்ந்து, பக்கத்திலுள்ள இடைச்சொல்லின் மேல் வழிகிறது. அடுத்திருப்பது கானாவாக இருந்தால் இப்படி வழிவதை ஜப்பானிய மரபு ஏற்கிறது. மாணவனோ அந்த உச்சரிப்பு இடைச்சொல்லுக்கும் சேர்ந்தது என்று எண்ணுவான். வழியாமல் இடம் விட்டு அமைத்தோம். ஜப்பானிய அச்சுக்காரர் பார்த்தால் இடைவெளி அதிகம் என்பார்.

உச்சரிப்பைத் தமிழெழுத்தில் கான்ஜியின் மேல் போட வேண்டும் என்பது பதிப்பாளரின் ஆசை. பதினான்கு புள்ளிக் கான்ஜியின் மேல் ஏழு புள்ளியில் தமிழ் அச்சானது, சுழிகள் அடைந்துபோயின. அகலமும் இரண்டு மடங்கானது. போதாக்குறைக்கு "க" என்று எழுதினால் அது ககரமா, ஒலிப்புடைய ககரமா என்று தெரியாது. முதல் மூன்று பாடங்களில் மட்டும் வாக்கியத்தின் கீழே தனி வரியாகத் தமிழ் உச்சரிப்பு வந்தது.

ஜப்பானியத்தில் சொல்லிடை வெளி கிடையாது. குழந்தைகளுக்கான நூல்களில் விடுவார்கள். தொடக்கப் பாடங்களில் அரை எழுத்து அளவு விட்டு, நூலின் நடுவில் நிறுத்தினோம். தமிழ் 11 புள்ளியில் இருந்தபோது வரிக்குள் வரும் கான்ஜியை 10 ஆகக் குறைத்ததும் பொருந்தியது. கான்ஜி தன் சதுரத்தை முழுக்க நிரப்பிக்கொள்வதால் அதே அளவில் பெரிதாகத் தெரிகிறது.

விளைவு

அச்சகம் எழுத்துகளை எல்லாம் எழுத்துரு தேவைப்படாத கோட்டுருவாக மாற்றித் தரச் சொன்னது. பெயர் தெரியாத எழுத்துருவைக் கண்டால் அச்சகங்கள் வைக்கும் வழக்கமான கோரிக்கை இது. எழுத்துரு உட்பொதிந்த பி.டி.எஃப். ஒன்றைக் கொடுத்து, அதன் பண்புப் பட்டியலில் எல்லா எழுத்துருவும் உள்ளே இருப்பதைக் காட்டினோம். சோதனைத் தாள் ஒன்றும் எடுத்துப் பார்த்தார்கள். பிறகு தடை சொல்லவில்லை.

அச்சான நூலில் ஆசிரியை கண்ட பிழைகள் தட்டச்சுப் பிழைகள். சீன வடிவம் எதுவும் இல்லை. நெடுக்கு எழுத்துக்கான ஒற்றை அத்தியாயம்தான் திருப்தியாக அமையவில்லை. அதில் அலங்காரத்துக்காகப் பதிப்பாளர் தேர்ந்த இலவசத் தூரிகை எழுத்துருவில் நெடுக்கு வடிவங்கள் இல்லை. நெடில் கோடு படுத்தே கிடந்தது. காற்புள்ளி வலது மேல் மூலைக்குப் போகாமல் இடது கீழ் மூலையில் நின்றது. கடைசி நேரத்தில் அந்தப் பக்கங்களை நோட்டோவுக்கு மாற்றினோம். தலைப்புகள் மட்டும் பழையபடியே அச்சாகிவிட்டன.

ஆசிரியையின் திருத்தங்களைக் கலைஞர் இப்போது தாமே செய்கிறார். கான்ஜி அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் "இப்போது" என்ற எழுத்தில் கூரைக்குக் கீழே கோடா, புள்ளியா என்று முதலில் பார்க்கிறார்.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

இருமொழிப் பாடநூல் என்றால், எழுதத் தொடங்கும் முன்பே ஒரு மாதிரிப் பக்கம் அமைத்து ஆசிரியரிடம் காட்ட வேண்டும். தமிழ்ப் பத்திக்குள் எவ்வளவு நீளத்துக்கு ஜப்பானியம் தங்கலாம் என்பது அப்போதே தெரிந்திருந்தால், முடிந்த கையெழுத்துப்படியைப் பிரித்துப் போடும் வேலை இருந்திருக்காது. கையெழுத்துப்படியோடு எழுத்துருக் கோப்புகளும் உரிமத் தாளும் சேர்ந்தே வர வேண்டும். எழுத்துருவின் பெயர் மட்டும் வந்தால் போதாது.

புது எழுத்துரு எதையும் ஏற்கும் முன் ஒரு சோதனை வரி அமைப்பது என்று கலைஞரும் நானும் பேசி வைத்திருக்கிறோம். "இப்போது", "கடல்", "நேர்" ஆகிய மூன்று கான்ஜிகள், "கி", "ச" என்னும் ஹிரகானாக்கள், ஒரு நெடில் கோடு, சிறிய "ட்சு", காற்புள்ளி. கிடைமட்டமாக ஒரு முறை, நெடுக்காக ஒரு முறை அச்சடித்து ஆசிரியையிடம் கையொப்பம் வாங்க வேண்டும். மறுபதிப்பில் நெடுக்கு அத்தியாயத்தின் தலைப்புகளும் நோட்டோவுக்கு மாறுகின்றன. தூரிகை எழுத்துரு அட்டையோடு நின்றுவிடும்.